கணிதத்தில் தமிழுக்கு இடமில்லையா?

‘தமிழில் கணிதம் படித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் திகைத்து நிற்கின்றனர், ஆதலின் தமிழ்ப்பள்ளியிலும் கணிதத்தைத் தமிழில் கற்பித்தல் வேண்டா’ என்னும் குரல் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. இக்குரலை எழுப்புவோர் அயலாராயின் நாம் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. எழுப்புவோர் நம்மவரே, அவருள் ஆசிரியரும் உளர் என்பதுதான் நெஞ்சைச் சுடுகின்றது.

அண்மையில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டேன். அன்பர் ஒருவர் எழுந்தார். அவர் கையில் மூன்றாம் படிவக் கணிதப் பாடநூல் இருந்தது. ‘லோக்குஸ்’ என்று தலைப்பிட்ட மலாய்மொழிப் பாடத்தைப் பிரித்துக் காட்டி, “ஆங்கிலத்தில் லோக்கஸ் என்று சொல்லும் இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம்!” என்றார். அவையில் ஒருவர் ‘இயங்குவரை’ என்றார். மற்றொருவர் ‘நியமப்பாதை’ என்றார். இலங்கைப் பாடநூல்களைப் பயின்ற ஒருவர் ‘ஒழுக்கு’ என்றார். கேட்டவர் முகத்தில் வெற்றிப் புன்னகை அரும்பிற்று. “ஒரே சொல்லுக்கு மூன்று பேர் மூன்று விடை கூறுகின்றீர்கள். உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இந்த மொழியிலா கணிதம் கற்பிப்பது?” என்று கூறி அமர்ந்தார். சிலர் கைதட்டவும் செய்தனர்.

முப்பது ஆண்டுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் கற்பித்துவரும் நான் அன்று வாய் திறவாமல் இருந்துவிட்டேன். விடை தெரியாமையால் அன்று. இத்தனை பெரிய பழியை ஒரு சிறு சொல்லின் தலையில் ஏற்றிவிட்டாரே என்னும் திகைப்பால். அன்று கூறத் தவறிய விடையை இன்று எழுதுகின்றேன். அவ்வன்பர்மீது எனக்குப் பகையில்லை. அவர் எடுத்துக் காட்டிய சொல்லே அவர் வாதத்திற்கு மாறாகச் சான்று பகர்கின்றது என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

யார் வீட்டுச் சொல்?

முதற்கண், ‘லோக்கஸ்’ என்பது ஆங்கிலச் சொல் அன்று. அஃது இலத்தீன் மொழிச் சொல். ஆங்கிலேயர் அதனைக் கடனாகப் பெற்றனர். வேர்ச்சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டனர். ‘இந்தக் கருத்துக்கு எங்கள் மொழியில் சொல் இல்லையே, ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதத்தை இலத்தீனிலேயே கற்பிப்போம்’ என்று இன்றைய ஆங்கிலேயர் எவரேனும் கூறுவதுண்டோ? கடன் வாங்கிய ஆங்கிலம் கணிதத்திற்குத் தகுதியுடைய மொழியாம். கடன் வாங்காமலே மூன்று சொல் ஆக்கிக்கொண்ட தமிழ் தகுதியற்ற மொழியாம்! இஃது என்ன நீதி?

இலத்தீனில் இச்சொல்லுக்குப் பொருள் யாது? ‘இடம்’ என்பதே. வேறு மறைபொருள் ஒன்றும் இல்லை. உரோமானியக் குடியானவன் தன் நிலத்தைக் குறிக்கவும், விருந்துக்கு வந்தவன் தனக்குரிய இருக்கையைக் குறிக்கவும், வழிப்போக்கன் ஓர் ஊரைக் குறிக்கவும் வழங்கிய எளிய சொல் அது. அதன் பழைய வடிவம் ‘ஸ்ட்லோக்குஸ்’ என்பதை முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியச் சொற்கலை ஆசிரியர் குயின்டிலியன் குறித்துள்ளார்.

அவ்வெளிய சொல் ஈன்ற பிள்ளைகளோ பல. ஓரிடத்திற்கு உரியது ‘லோக்கல்’. இடம்விட்டு இடம் பெயர்ந்து இயங்குவது ‘லோக்கோமோட்டிவ்’. செந்தூல் இரயில்வே பட்டறையில் நம் முன்னோர் வியர்வை சிந்திப் பழுது பார்த்த எந்திரத்தின் பெயரிலேயே இந்த ‘இடம்’ ஒளிந்திருக்கின்றது. மருந்தகத்தில் வழக்கமான மருத்துவர் விடுப்பில் சென்றால் அவருக்காக வந்து அமர்பவரை ‘லோக்கம்’ மருத்துவர் என்கின்றோமே, அது ‘இடத்தைத் தாங்குபவர்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதற்பாதி. அதே தொடர் பிரெஞ்சு மொழி வழியே உருமாறிப் படைத்துறையில் ‘லெப்டினன்ட்’ ஆயிற்று. மேலதிகாரியின் இடத்தில் நின்று ஆணையிடுபவர் என்பது அதன் பொருள். மலாய்மொழியில் ‘லோக்காசி’ என்பதும் இவ்வினத்ததே. ஆனால் காவல்நிலையத்து ‘லாக்கப்’ இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது பூட்டு எனப் பொருள்படும் செர்மானிய இனச் சொல்லின் வழிவந்தது. ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் உறவு கொண்டாடுதல் கூடாது என்பதற்கு இஃது ஒரு நல்ல பாடம்.

இப்பாடத்தை நம்மவரில் மற்றொரு சாராரும் கற்றல் வேண்டும். ‘லோக்கஸ் என்பது லோகம், லோகம் என்பது உலகம், ஆகவே இது தமிழ்ச்சொல்லே’ என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுவோரையும் நான் கண்டிருக்கின்றேன். தமிழ்மேல் உள்ள பற்று அவர்களை அவ்வாறு பேசச் செய்கின்றது. ஆயினும் பற்று வேறு, மெய் வேறு. ‘லோகம்’ என்னும் வடசொல்லுக்கு இலத்தீனில் உறவான சொல் சோலையைக் குறிக்கும் ‘லூக்குஸ்’ என்பதே ஆகும் என்பர் மொழிநூலார். ‘லோக்கஸ்’ என்பதன் பழைய வடிவம் ‘ஸ்ட்’ என்னும் ஒலியோடு தொடங்குவதால் அதற்கும் லோகத்திற்கும் உறவு காட்ட இயலாது. தமிழின் பெருமையை நிலைநாட்டப் பிறர் சொல்லைப் பறிக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் உள்ள செல்வத்தை எண்ணிப் பார்த்தாலே போதும்.

உரோமானியர் செய்தது யாது?

இனி நம் வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ‘இன்ன நிபந்தனைக்கு உட்பட்ட புள்ளிகள் அனைத்தும் அமையும் இடம்’ என்னும் கணிதக் கருத்து உரோமானியர் கண்டதன்று. அது கிரேக்கர் கண்டது. கிரேக்கர் அதனை ‘தொப்போஸ்’ என்றனர். கிரேக்க மொழியில் ‘தொப்போஸ்’ என்பதற்கும் பொருள் ‘இடம்’ என்பதே. பெர்கா நகரத்து அப்பொலோனியஸ் இப்பொருள் பற்றித் தனி நூலே இயற்றினார். அந்நூல் மறைந்துபோயிற்று, எனினும் அதன் செய்தி பிற்காலத்துப் பாப்பஸ் என்னும் கணித ஆசிரியர் வழி நமக்குக் கிடைத்துள்ளது.

சொல்லாற்றல் கலையிலும் அதே கதைதான். வாதம் புரிவோன் தனக்கு வேண்டிய கருத்துகளைத் தேடி எடுக்கும் இருப்பிடங்களை அரிஸ்டாட்டில் ‘தொப்போஸ்’ என்று வழங்கினார். கி.மு. 44-ஆம் ஆண்டில் சிசரோ அப்பொருளைத் தம் நாட்டுச் சட்ட அறிஞர் ஒருவருக்காக இலத்தீனில் எழுதியபோது என்ன செய்தார்? நூலின் பெயரில் கிரேக்கச் சொல்லின் சாயல் இருக்கட்டும் என்று விட்டார். நூலின் உள்ளே பொருளை விளக்க வந்த இடத்திலோ, தெருவில் நடப்பவனும் அறிந்த ‘லோக்குஸ்’ என்னும் தாய்மொழிச் சொல்லையே எடுத்தாண்டார். ‘இது சந்தையில் வழங்கும் சொல்லாயிற்றே, கலைக்கு ஆகுமா?’ என்று அவர் கூசவில்லை. ‘எம் மொழியில் இதற்குச் சொல் இல்லை, எல்லோரும் கிரேக்கம் படியுங்கள்’ என்று கைவிரிக்கவும் இல்லை. இத்தனைக்கும் அவர் கிரேக்கத்தில் பெரும்புலமை பெற்றவர். அக்காலத்துக் கற்றோர் மொழியும் கிரேக்கமே.

கணிதத்திலும் இலத்தீன் நூலார் அவ்வழியே சென்றனர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெர்மா, தளத்தில் அமையும் ‘இடங்கள்’ பற்றி இலத்தீனில் எழுதிய அறிமுக நூல் 1636-ஆம் ஆண்டளவில் அறிஞரிடையே கைப்படியாக உலவி, அவர் மறைந்தபின் 1679-இல் அச்சேறிற்று. சமன்பாட்டிற்கும் வடிவத்திற்கும் பாலம் அமைத்த நூல்களுள் அது தலையாயது. அந்நூலின் பெயரிலும் ‘லோக்குஸ்’ என்னும் அவ்வெளிய சொல்லின் பன்மை வடிவமே வீற்றிருக்கின்றது.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். நம்மை மிரட்டும் இச்சொல் எவ்வாறு பிறந்தது? ஓர் இனத்தார் அயல்மொழிக் கருத்தைக் கண்டு அஞ்சாமல், அதன் பொருளை உணர்ந்து, தம் வீட்டுச் சொல் ஒன்றினுள் அதனைப் பெய்துகொண்டதனால் பிறந்தது. ஒலியைக் கடன் வாங்கவில்லை. பொருளை வாங்கித் தம் சொல்லை வளர்த்தனர். ஆகவே ‘லோக்கஸ்’ என்னும் சொல்லைக் காட்டித் ‘தாய்மொழியில் கணிதம் இயலாது’ என்று வாதிடுவோர், தாய்மொழியில் இயலும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்றைத் தம் கையாலேயே எடுத்து நீட்டுகின்றனர்.

ஒரு சொல், பல துறை

கணிதத்தோடு அச்சொல் நின்றுவிடவில்லை. சட்டத்துறையில் ‘லோக்கஸ் ஸ்டாண்டை’ என்று ஒரு தொடர் உண்டு. ‘நிற்பதற்குரிய இடம்’ என்பது அதன் நேர்பொருள். ஒரு வழக்கைக் கொண்டுவருபவருக்கு அவ்வழக்கை நடத்தும் உரிமை உண்டா என்பதையே அது வினவுகின்றது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தத்தை எதிர்த்து, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் தொடுத்த வழக்கில், அவருக்கு அவ்வுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. வழக்கின் மெய்ம்மையை ஆராய்வதற்கு முன்பே ‘நிற்க இடமுண்டா’ என்னும் வினா அதன் போக்கை முடிவு செய்துவிட்டது. ஒரு சொல்லின் பொருள் எத்துணை வலியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உயிரியலில், குரோமோசோமில் ஒரு மரபணு அமைந்திருக்கும் இடம் ‘லோக்கஸ்’ எனப்படும். நம் குருதியை ஏ, பி, ஏபி, ஓ எனப் பிரிக்கும் மரபணுவின் இடம் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ளது. நினைவுக் கலையில், மனக்கண்ணில் ஒரு வீட்டைக் கண்டு, அதன் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு செய்தியை வைத்துப் பின்னர் வரிசையாக எடுக்கும் முறைக்கும் இச்சொல்லே பெயர் தந்தது. இடிந்து வீழ்ந்த விருந்து மண்டபத்தில் மாண்டோர் இன்னார் இன்னார் என்று, அவரவர் அமர்ந்திருந்த இடத்தை நினைவுகூர்ந்து அடையாளம் காட்டிய கிரேக்கக் கவிஞர் சிமோனிடசின் கதையை இம்முறைக்கு மூலமாகச் சிசரோ கூறுவார். உளவியலில் இச்சொல் பெறும் பொருளைப் பின்னர்க் காண்போம்.

இவ்வளவு துறைகளிலும் அச்சொல்லின் பொருள் மாறியதா? இல்லை. எங்கும் ‘இடம்’ என்பதே பொருள். துறைதான் மாறிற்று. இதனை உணர்ந்த மாணவனுக்கு ஐந்து சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லை. ஒன்றை அறிந்தால் ஐந்தும் விளங்கும்.

தமிழின் ‘இடம்’

இனித் தமிழுக்கு வருவோம். ‘இடம்’ என்னும் நம் சொல் வெறும் நிலப்பரப்பை மட்டுமா குறிக்கின்றது? தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றையும் நம் இலக்கணத்தார் ‘மூவிடம்’ என்றனர். பேசுவோன், கேட்போன், பேசப்படுவோன் என்னும் நுண்ணிய கருத்துறவை ‘இடம்’ என்னும் சொல்லால் குறித்த மொழி இது. அறுவகைப் பெயருள் ஒன்று இடப்பெயர். ஏழாம் வேற்றுமையின் பொருள் இடப்பொருள். ‘ஆசிரியரிடம் கேட்டேன்’ என்னும்போது அச்சொல் உருபாகவே தேய்ந்து, உயர்திணைப் பெயரோடு ஒட்டி நிற்கின்றது. திருக்குறளில் காலமறிதலை அடுத்து இடனறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளுள் கேட்போரை அடுத்துக் ‘களன்’ என்று ஓர் உறுப்பை எண்ணுகின்றது. கூற்று நிகழும் இடம் அது.

வழக்கில் பாருங்கள். ‘ஐயத்திற்கு இடமில்லை’ என்கின்றோம். ‘சட்டத்தில் அதற்கு இடமுண்டா?’ என்று கேட்கின்றோம். நீதிமன்றத்தார் இலத்தீன் தொடரால் குறிக்கும் கருத்துக்கு இஃது எத்துணை நெருக்கமாக வந்து நிற்கின்றது! ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்னும் பழமொழியில் ‘இடம்’ என்பது தரையையா குறிக்கின்றது? உரிமையையும் வாய்ப்பையும் அன்றோ குறிக்கின்றது? ‘இடம், பொருள், ஏவல் அறிந்து பேசு’ என்று சிறுவனுக்கு அறிவுரை கூறும் பாட்டியும் இச்சொல்லைக் கருத்துச்சொல்லாகவே ஆள்கின்றாள்.

கணிதத்தில்தான் இச்சொல் புதிதா? முதலாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளி மாணவன் ‘இட மதிப்பு’ என்று கற்கின்றான். 35 என்னும் எண்ணில் மூன்று பத்து என்னும் இடத்திலும், ஐந்து ஒன்று என்னும் இடத்திலும் உள்ளன என்று விரல் வைத்துக் காட்டுகின்றான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘இடம்’ என்பது கணிதச் சொல்லாகிவிட்டது. அப்பிள்ளை பதினைந்து வயதில் ‘லோக்குஸ்’ என்னும் பாடத்தைக் கண்டு மருள்கின்றான் என்றால், அது தமிழின் குறையா? ‘மகனே, முதலாம் ஆண்டிலேயே நீ அறிந்த இடந்தான் இது’ என்று கூற அவனுக்கு ஒருவர் இல்லாமற் போன குறையா?

மூன்று சொல் இருப்பது இழுக்கா?

அவ்வன்பர் எள்ளி நகையாடிய மூன்று சொற்களுக்கும் விடை கூறாமல் விடலாகாது. அவர் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கின்றேன். தமிழகமும் இலங்கையும் தனித்தனியே கலைச்சொல் ஆக்கின. தனித்தனிப் பாடநூல்கள் எழுந்தன. இரண்டையும் படிக்கும் நமக்குக் குழப்பம் நேர்கின்றது. கலைச்சொல் ஒருமைப்பாடு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

ஆனால் மூன்று சொல் இருத்தல் ஒரு மொழிக்குக் கருத்து இல்லை என்பதற்குச் சான்றாகுமா? கருத்தே புரியாதவன் ஒரு சொல்லும் ஆக்க மாட்டான். மூன்றையும் உற்று நோக்குங்கள். ‘இயங்குவரை’ என்பது இயங்கும் புள்ளி வரையும் கோட்டைக் காட்டுகின்றது. ‘நியமப்பாதை’ என்பது ஒரு விதிக்கு உட்பட்ட வழியைக் காட்டுகின்றது. ‘ஒழுக்கு’ என்பது புள்ளி இடையறாது ஒழுகிச் செல்வதைக் காட்டுகின்றது. மூவரும் ஒரே யானையையே கண்டனர். பார்வையற்றோராய் அல்லர், கண்ணுடையோராய்க் கண்டனர்.

ஆயினும் ஆசிரியர் என்னும் முறையில் ஒரு குறையையும் சுட்டுதல் என் கடமை. மூன்று சொல்லும் இயக்கத்தை முன்னிறுத்துகின்றன, இடத்தை முன்னிறுத்தவில்லை. வகுப்பில் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவதுண்டு. பள்ளித் திடலில் ஒரு முளை அடித்து, ஐந்து மீட்டர்க் கயிற்றால் ஒரு மாட்டைக் கட்டுகின்றோம். கயிறு இறுகிய நிலையிலேயே மாடு சுற்றி நடந்தால், கயிற்றின் நுனி செல்லும் வழி ஒரு வட்டக்கோடு. இங்கே ‘பாதை’ என்பதும் பொருந்தும். ‘வரை’ என்பதும் பொருந்தும். இனிக் கயிறு தளர்ந்தும் இறுகியும் மாடு விருப்பம்போல் மேய்கின்றது. முளையிலிருந்து ஐந்து மீட்டருக்கு மிகாத தொலைவில் உள்ள புள்ளிகள் எல்லாம் எங்கே உள்ளன? வட்டத்தின் உள்ளும் அதன் விளிம்பிலும் உள்ளன. இது கோடன்று, பரப்பு. இங்கே ‘பாதை’ என்னும் சொல் மாணவனைத் தடுமாற வைக்கும். ‘புள்ளிகள் இருக்கக்கூடிய இடம்’ என்று சொன்னால் தடுமாற்றமே இல்லை. ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் சம தொலைவில் உள்ள புள்ளிகள், விண்வெளியில் ஒரு கோளத்தின் மேற்பரப்பாக அமைகின்றன. அங்கேயும் பாதை இல்லை, இடமே உண்டு.

‘அப்படியானால் நீர் நான்காவது சொல் ஒன்று ஆக்கப் போகின்றீரா?’ என்று கேட்பீர். இல்லை. சொல்லாக்கப் போட்டியில் இன்னொருவனாகச் சேர நான் விரும்பவில்லை. வழக்கில் உள்ள சொல் பெயராக இருக்கட்டும். ஆனால் அப்பெயரை விளக்கும்போது ‘இன்ன நிபந்தனைக்கு உட்பட்ட புள்ளிகள் எல்லாம் அமையும் இடம்’ என்று தமிழில் விளக்குக. பெயர் எதுவாயினும் பிள்ளையின் உள்ளத்தில் நிற்க வேண்டியது அவ்விளக்கமே. ‘பெயரைக் கற்பித்துவிட்டேன், என் கடமை முடிந்தது’ என்று எண்ணும் ஆசிரியர், அப்பெயர் தமிழாயினும் மலாயாயினும் ஆங்கிலமாயினும், கற்பித்தவர் ஆகார்.

பிள்ளை திகைப்பது ஏன்?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் சிலர் இடைநிலைப்பள்ளியில் திகைக்கின்றனர் என்பது உண்மை. அதனை மறைப்பதால் பயனில்லை. ஆனால் காரணத்தைப் பிழைபடக் கண்டால் மருந்தும் பிழைபடும். நம் நாடு இதனை ஒருமுறை பட்டறிந்தது. 2003-ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளிலும் புகுந்தது. ஆறே ஆண்டுக்குப் பின், 2009-இல், அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்னும் பெயரில் அதே வாதம் வேறு வாயிலால் நுழைந்தது. விரும்பும் பள்ளிகள் ஏற்கலாம் என்றனர்; நம் பள்ளிகளில் சிலவும் ஏற்றன. அதனால் எழுந்த பூசல் நம் சமூகத்தை இரண்டுபடுத்தியதை எல்லோரும் அறிவர்.

ஆங்கிலத்தை வெறுக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் நன்றாகக் கற்பிக்க வேண்டும் என்பேன். நான் கேட்பது ஒன்றே. அவ்வன்பர் காட்டிய நூல் மலாய்மொழி நூல். தொடக்கப்பள்ளியில் கணிதத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, மலாயில் நடக்கும் இடைநிலை வகுப்பிற்குச் செல்லும் பிள்ளை அங்கே திகைக்க மாட்டானா? மொழி மாறும் வாயிலில் ஒரு படி இருக்கத்தான் செய்யும். படியை ஏறக் கற்றுத்தராமல், புறப்பட்ட வீட்டையே இடித்துவிடு என்பது அறிவுடைமையா?

‘லோக்குஸ்’ என்னும் சொல் மலாய் மாணவனுக்கும் புதிது. சீன மாணவனுக்கும் புதிது. ஆங்கிலேயச் சிறுவனுக்கும் புதிதே. அச்சொல்லை எவனும் தாயின் மடியில் கற்பதில்லை. அதனைக் கேட்டவுடன் ‘இஃது என்ன?’ என்று வினவி, தனக்குத் தெரிந்த மொழியில் விடை கண்டு, தெளிபவனே வெல்கின்றான். அவ்விடையை எளிதில் காணத் தாய்மொழியினும் சிறந்த கருவி யாது?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று, ஒரு கலைச்சொல்லைக் கூறும்முன் அதன் பொருளை எளிய தமிழில் கூறுக. பொருள் பதிந்தபின் தமிழ்ப்பெயரைத் தருக. இரண்டு, ஆறாம் ஆண்டு மாணவர் பள்ளியை விட்டுச் செல்லும்முன் அவர் அறிந்த கணிதச் சொற்களுக்குரிய மலாய், ஆங்கிலச் சொற்களை அருகருகே எழுதிய ஓர் ஏட்டினை அவரைக் கொண்டே ஆக்குவிக்க. ‘இட மதிப்பு’ என்பதற்கு எதிரே ‘நீலாய் தெம்பாட்’ என்று எழுதும் பிள்ளை, அங்கே ‘தெம்பாட்’ என்பதும் தனக்குத் தெரிந்த இடமே என்று கண்டு மகிழ்வான். மூன்று, சொல்லின் வரலாற்றைக் கதையாகக் கூறுக. தமிழாசிரியர் கணிதச் சொல்லையும், கணித ஆசிரியர் தமிழ்ச் சொல்லையும் தமக்கு அயலானவை என்று ஒதுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். பாடநூலில் விளங்காத சொல் ஒன்றைக் கண்டால் அஞ்சி அடுத்த பக்கத்தைப் புரட்டாதீர். அச்சொல்லும் ஒரு காலத்தில் எவனோ ஓர் உழவன் வழங்கிய எளிய சொல்லாக இருந்திருக்கும். அதன் பொருளைத் தேடுக. கண்டபின் அதனை உங்கள் தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்க. சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்தது; முடியாவிட்டால் இன்னும் புரியவில்லை. தேர்வுக்கு முன் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள இதனினும் நல்ல வழி எனக்குத் தெரியாது.

கட்டுப்பாட்டின் இடம்

பின்னர்க் காண்போம் என்று விட்ட உளவியல் பொருளைக் கூறி முடிக்கின்றேன். ஆசிரியர் பயிற்சியில் ‘லோக்குஸ் கவாலான்’ என்று நாம் படித்த பாடம் அது. அமெரிக்க உளவியலார் ஜூலியன் ரோட்டர் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை வழி பரவிய கருத்து. தன் வாழ்வில் நேர்வனவற்றைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் எந்த இடத்தில் இருப்பதாக ஒருவன் நம்புகின்றான்? தன் முயற்சியில் இருப்பதாக நம்புவோர் ஒருவகை. விதியிலோ, பிறர் கையிலோ, தற்செயலிலோ இருப்பதாக நம்புவோர் மற்றொரு வகை. முன்னவர் தோல்வியுற்றால் ‘இன்னும் உழைப்பேன்’ என்பர். பின்னவர் ‘என்னால் என்ன ஆகும்?’ என்பர்.

இது தனி மாணவனுக்கு மட்டும் உரியதோ? ஒரு சமூகத்திற்கும் உரியதென்றே நான் கருதுகின்றேன். ‘எங்கள் பிள்ளைகள் முன்னேற வேண்டுமாயின் அந்த ஆற்றல் எங்கள் மொழியில் இல்லை, எங்கள் பள்ளியில் இல்லை, எங்களிடம் இல்லை, எங்கோ புறத்தே இருக்கின்றது’ என்று கூறுவோர், தம் பிள்ளைகளுக்குக் கணிதத்தைக் கற்பிப்பதற்கு முன் தாழ்வைக் கற்பித்துவிடுகின்றனர். அத்தாழ்வைச் சுமந்து செல்லும் பிள்ளை எந்த மொழியில் படித்தாலும் திகைக்கத்தான் செய்வான்.

அன்று கூட்டத்தில் “இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?” என்று கேட்ட அன்பருக்கு என் விடை இதுவே: ஐயா, அதற்குத் தமிழ் ‘இடம்’. அதனை நம் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே கற்றுவிட்டான். எஞ்சியதைக் கற்பிக்க வேண்டியவர் நீரும் நானும்.